தடயத்தை அழித்தவன் எழுதும் கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கணினிக் குற்றங்கள் பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி கட்டுரைகள் வருகின்றன. கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதீர்கள், தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள், ஓடிபி கேட்டால் கொடுக்காதீர்கள். எல்லாம் சரிதான். ஆனால் எல்லாமே பூட்டைப் பற்றிய பேச்சு. பூட்டை உடைத்து ஒருவன் உள்ளே வந்துவிட்டால், வந்தவன் யார் என்று கண்டுபிடிக்க ஏதாவது மிச்சம் இருக்குமா? அதற்கு ஒரு நிறுவனம் முன்கூட்டியே என்ன செய்து வைத்திருக்க வேண்டும்? இதை யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை. எழுத எனக்கு ஒரு தகுதி இருக்கிறது. ஒரு குற்றத்தின் தடயங்களை என் கையாலேயே அழித்தவன் நான். அழித்த அன்று மாலை பாராட்டும் வாங்கினேன்.

ஒரு நடுத்தர நிறுவனத்தில் 19 வருடம் சிஸ்டம் அட்மினாக இருந்து ஓய்வு பெற்றவன். நூற்றுச் சொச்சம் கணினிகள், ஆறு சர்வர்கள், வெளியிலிருந்து வருவதை வடிகட்டும் ஒரு ஃபயர்வால். எது பழுதானாலும் முதலில் என் போன்தான் அடிக்கும். எங்கள் வேலையில் நல்ல பெயர் வாங்க ஒரே வழிதான் உண்டு: நின்றுபோனதைச் சீக்கிரம் ஓட வைப்பது. ஏன் நின்றது என்று யாரும் கேட்க மாட்டார்கள். நானும் கேட்டுக்கொண்டதில்லை.

சுமார் 12 வருடங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை, கணக்குப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. வழக்கமாகச் சரக்கு அனுப்பும் நிறுவனம் "பணம் இன்னும் வரவில்லையே" என்று கேட்டிருக்கிறது. இவர்களோ மூன்று வாரத்துக்கு முன்பே அனுப்பிவிட்டார்கள். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்கு அனுப்பவும்" என்று அந்த நிறுவனத்திடமிருந்து வந்த மின்னஞ்சலும் கையில் இருக்கிறது. முகவரியை உற்றுப் பார்த்தேன். ஆங்கில எம் இருக்க வேண்டிய இடத்தில் ஆர், என் இரண்டும் ஒட்டி உட்கார்ந்திருந்தன. பார்வைக்கு எம் மாதிரியேதான் தெரிந்தது. அவசரத்தில் இருக்கிற யார் பார்த்தாலும் ஏமாந்துதான் போவார்கள்.

பணம் அனுப்பும் பொறுப்பில் இருந்தவரை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய மெயில் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அமைப்புகளுக்குள் ஒரு விதி எழுதப்பட்டிருந்தது: அந்த நிறுவனத்தின் உண்மையான முகவரியிலிருந்து எது வந்தாலும், படித்ததாகக் குறித்து, யாரும் எட்டிப் பார்க்காத ஆர்எஸ்எஸ் ஃபீட்ஸ் என்ற ஃபோல்டருக்குத் தள்ளிவிடு. அதனால்தான் அவர்கள் முதலில் அனுப்பிய நினைவூட்டல்கள் எதுவும் அக்கா கண்ணில் படவில்லை. யாரோ அவருடைய கடவுச்சொல்லைத் தெரிந்துகொண்டு, உள்ளே உட்கார்ந்து, கடிதங்களைப் படித்து, பெரிய தொகைக்கான பில் வரும்வரை பொறுமையாகக் காத்திருந்திருக்கிறான்.

இனி நான் செய்ததைக் கேளுங்கள். அந்த விதியைப் பார்த்ததும் படுக்கையில் தேளைப் பார்த்த மாதிரி இருந்தது. உடனே நீக்கினேன். கடவுச்சொல்லை மாற்றினேன். அக்காவின் கணினியில் ஆன்டிவைரஸை ஓட விட்டேன். ஏதோ ஒன்றைப் பிடித்து, சுத்தம் செய்யட்டுமா என்று கேட்டது. அதன் பெயரைக்கூடக் குறித்துக்கொள்ளாமல் சரி என்று அழுத்தினேன். அதோடு விட்டேனா? எதற்கும் இருக்கட்டும் என்று அந்தக் கணினியை ஃபார்மேட் செய்து விண்டோஸைப் புதிதாக ஏற்றினேன். கடைசியாக, ஒரு பாதுகாப்புக்கு ஃபயர்வாலையும் ஒரு தடவை ஆஃப் செய்து ஆன் செய்தேன். மாலை நான்கு மணிக்கு அக்கா மறுபடி வேலையைத் தொடங்கிவிட்டார். மேலாளர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

நான்காம் நாள், நிர்வாகம் ஏற்பாடு செய்த விசாரணையாளர் ஒருவர் வந்தார். கையில் ஒரு தடித்த நோட்டுப் புத்தகம். அமைதியாக உட்கார்ந்து மூன்றே கேள்விகள் கேட்டார். அந்த விதி எந்தத் தேதி, எத்தனை மணிக்கு எழுதப்பட்டது? எந்த ஐபி முகவரியிலிருந்து, அதாவது இணையத்தில் எந்த இணைப்பு எண்ணிலிருந்து, உள்ளே வந்தார்கள்? கணினியில் ஆன்டிவைரஸ் பிடித்தது என்ன?

விதியை நான் நீக்கிவிட்டேன். ஃபயர்வாலின் லாக், அதாவது நடப்பதை நேரத்தோடு தானாகக் குறித்து வைக்கும் பதிவு, அதன் நினைவகத்தில் மட்டுமே இருந்தது, ரீஸ்டார்ட் செய்த நொடியில் போய்விட்டது. ஆன்டிவைரஸின் பதிவு ஃபார்மேட்டோடு போனது. மிச்சம் இருந்தது மெயில் சர்வர் மட்டும். அதில் யார் எப்போது உள்ளே வந்தார் என்ற பதிவு இருக்கும் என்று நம்பிக்கையோடு திறந்தேன். விண்டோஸின் செக்யூரிட்டி லாக்குக்கு, நாம் எதையும் மாற்றாவிட்டால், 20 எம்பி இடம்தான். அது நிரம்பியதும் பழைய வரிகளின் மேலேயே புதிய வரிகளை எழுதிக்கொண்டு போகும். நூறு பேர் நாள் முழுக்க உள்ளே வருவதும் போவதுமாக இருக்கும் சர்வரில் 20 எம்பி எம்மாத்திரம்? அதில் இருந்த மிகப் பழைய வரி முந்தைய நாள் மாலை எழுதப்பட்டது. குற்றம் நடந்தோ மூன்று வாரம்.

பேக்கப் இருக்குமே என்று கேட்டார். இருந்தது. மாதம் ஒரு முறை முழு பேக்கப் எடுத்து ஒரு வெளி டிஸ்க்கில் வைப்போம். அடுத்த மாதம் அதே டிஸ்க்கில் அதன் மேலேயே எழுதுவோம். அந்த மாதத்து முறை முந்தைய இரவுதான் வந்திருந்தது. விசாரணை நடக்கிறது, பேக்கப்பை நிறுத்தி வை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை. இரவு பதினொரு மணிக்கு அது தானாக ஓடி, இருந்த கடைசித் தடயத்தின் மேல் அச்சுப் பிசகாமல் எழுதிவிட்டது.

விசாரணையாளர் கோபப்படவில்லை. "சார், வீட்டைக் கழுவித் துடைச்சு வெச்சுட்டு திருடன் காலடி எங்கேன்னு தேடுறோம்" என்றார். அந்தப் பன்மை அவருடைய நாகரிகம். கழுவியது நான் ஒருவன்தான்.

பணம் போனதைவிட எனக்கு இன்றும் உறுத்துவது வேறொன்று. வெளியாள்தான் செய்தான் என்று நிரூபிக்க எதுவும் இல்லாமல் போனதால், சந்தேகம் உள்ளே திரும்பியது. அக்காவே அந்த விதியை எழுதியிருந்தால்? கூட்டாளி யாராவது இருந்தால்? நிர்வாகக் கூட்டத்தில் இப்படிப் பேச்சு எழுந்தது. மாற்றிய கணக்கு எண்ணை மென்பொருளில் பதிவு செய்த நேரம் 10.42 என்று கணக்கு மென்பொருள் காட்டியது. அந்த நேரத்தில் நான் சீட்டிலேயே இல்லை, மீட்டிங்கில் இருந்தேன் என்றார் அக்கா. அவர் வெளியே போனால் பக்கத்து சீட்டுக்காரர் அதே கணினியில் வேலை பார்ப்பது வழக்கம். கேமரா பதிவைப் பார்த்தோம். 10.42க்கு அக்கா சீட்டில் இருக்கிறார். 10.50க்கு எழுந்து போகிறார். அவ்வளவுதான், பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

எனக்கு ஏதோ இடித்தது. கேமராப் பெட்டியின் கடிகாரத்தையும் என் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கேமரா 11 நிமிடம் முன்னே ஓடிக்கொண்டிருந்தது. கதவில் அட்டை காட்டித் திறக்கும் கருவி நான்கு நிமிடம் பின்னே. கணக்கு மென்பொருள் இருந்த சர்வர் மட்டும் ஓரளவு சரி. அப்படியென்றால் கேமராவின் 10.50 உண்மையில் 10.39. அக்கா சொன்னது சரி. ஓடிப் போய்ச் சொன்னேன். ஒரு அதிகாரி கேட்டார்: "இன்னிக்கு 11 நிமிஷம் வித்தியாசம். மூணு வாரம் முன்னாடியும் அதே 11தானா? அதுக்கு என்ன அத்தாட்சி?" என்னிடம் அத்தாட்சி இல்லை. கடிகாரத்தைச் சரிபார்த்து ஒரு நோட்டில் எழுதி வைக்கும் வழக்கம் எங்களிடம் இருந்ததில்லை. நெட்வொர்க்கில் எல்லாக் கருவிகளையும் ஒரே கடிகாரத்தோடு சேர்க்க என்டிபி என்ற ஏற்பாடு பல வருடங்களாகவே இருக்கிறது. அதற்குச் செலவு ஏதும் இல்லை. ஒரு மதிய நேரத்து வேலை. நான் அதைச் செய்து வைக்கவில்லை.

அக்கா மேல் யாரும் குற்றம் சாட்டவில்லை. குற்றமற்றவர் என்றும் யாரும் சொல்லவில்லை. இரண்டு மாதம் அந்த இடைவெளியில் உட்கார்ந்திருந்துவிட்டு வேலையை விட்டுப் போனார். தடயம் என்றால் குற்றவாளியைப் பிடிக்கத்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்று அது யாருக்கு அதிகம் தேவைப்பட்டது என்று பார்த்தால், தவறே செய்யாத ஒருவருக்கு.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 1986இல் அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் கிளிஃப் ஸ்டோல் என்ற வானியலாளர் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். கணினி நேரத்துக்கான கணக்கில் 75 சென்ட் இடித்தது. நானாக இருந்தால் தள்ளுபடி செய்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அவர் தோண்டினார். யாரோ வெளியிலிருந்து நுழைகிறான் என்று தெரிந்ததும் அவர் கதவை அடைக்கவில்லை. அலுவலகத்தில் கிடைத்த டெர்மினல்களையும் பிரின்டர்களையும் ஒரு வார இறுதியில் திரட்டி, வெளியிலிருந்து வரும் ஐம்பது தொலைபேசி இணைப்புகளிலும் மாட்டி, அவன் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் காகிதத்தில் விழும்படி செய்தார். கூடவே ஒரு நோட்டில் தேதி, நேரம் போட்டு எல்லாவற்றையும் எழுதினார். மேற்கு ஜெர்மனியின் ஹனோவரில் இருந்த ஒருவன் வரைக்கும் தடம் போனது. பின்னர் அங்கே நடந்த வழக்கில் அவரே போய்ச் சாட்சி சொன்னார். நுழைந்தவனை நுழைய விட்டுக் கவனிப்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது, ஆபத்தும்கூட. நான் அசந்தது அந்த நோட்டைப் பார்த்துத்தான். எனக்கு அப்படி ஒரு நோட்டு இருந்திருந்தால் அந்த விதியை நீக்கும் முன் அதன் விவரத்தையாவது எழுதி வைத்திருப்பேன்.

எதை முதலில் காப்பாற்றுவது என்பதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. 2002 பிப்ரவரியில் வெளியான ஆர்எஃப்சி 3227 என்ற இணையத் தொழில்நுட்ப வழிகாட்டி ஆவணம் அதைச் சொல்கிறது. சீக்கிரம் மறைவதை முதலில் எடு. ரேமில் இருப்பது, அந்த நேரத்தில் ஓடும் புரோகிராம்கள், நெட்வொர்க் இணைப்புகள், இவையெல்லாம் மின்சாரம் போனால் போய்விடும். அப்புறம் தற்காலிகக் கோப்புகள், அப்புறம் ஹார்ட் டிஸ்க், அப்புறம் வேறிடத்தில் சேரும் லாக்குகள், கடைசியில் பேக்கப். எளிய விஷயம்தான். ஆனால் பதற்றத்தில் நாம் செய்வது இதற்கு நேர்மாறாக இருக்கும். முதல் வேலையாகப் பட்டனை அழுத்தி ஆஃப் செய்வோம்.

ஒரு காலத்தில் அதையேதான் செய்யவும் சொன்னார்கள்: பிளக்கைப் பிடுங்கு, டிஸ்க் அப்படியே உறையட்டும். இன்று அந்த அறிவுரையைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற முடியாது. டிஸ்க் முழுக்க என்க்ரிப்ட் செய்யப்பட்டிருந்தால், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டிருந்தால், ஆஃப் செய்த மறுகணம் அந்தச் சாவி ரேமோடு போய்விடும். ரெக்கவரி கீயை எழுதி வைக்காவிட்டால் அந்த டிஸ்க் வெறும் உலோகத் துண்டு. அதே சமயம் ஓட விட்டால் எஸ்எஸ்டி என்ற புது வகை டிஸ்க் சும்மா இருக்காது. நீக்கப்பட்ட கோப்புகள் இருந்த இடத்தைப் பின்னணியில் தானாகவே துடைத்துக்கொண்டிருக்கும். ஆஃப் செய்வதா, விடுவதா? இடத்துக்கு இடம் பதில் மாறும். மாறும் என்பதால்தான் யார் அதை முடிவு செய்வது என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும் என்கிறேன். சம்பவம் நடக்கும் நிமிடத்தில் அதை இரவுக் காவலரின் தலையில் கட்டக்கூடாது. பெரும்பாலான சமயம் நெட்வொர்க் கேபிளை மட்டும் கழற்றி, வைஃபையைத் துண்டித்து, மின்சாரத்தைத் தொடாமல், திரையைப் போட்டோ எடுத்துவிட்டு, தெரிந்தவருக்குப் போன் செய்வது போதும்.

உங்கள் வாசகர்கள் எல்லோருக்கும் உதவக்கூடிய ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். மோசடி மின்னஞ்சல் வந்தால் அதை பிரின்ட் எடுத்து ஃபைலில் வைக்காதீர்கள், அடுத்தவருக்கு ஃபார்வர்ட் செய்துவிட்டு நீக்காதீர்கள். ஒவ்வொரு மின்னஞ்சலுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஹெடர் என்ற பகுதி இருக்கிறது. எந்த சர்வரில் புறப்பட்டு எங்கெங்கே தங்கி வந்தது என்ற பயண விவரம் அதில்தான் இருக்கும். காகிதத்தில் அது வராது. ஃபார்வர்ட் செய்தாலும் நீங்கள் அனுப்பிய கடிதத்தின் ஹெடர்தான் போகும். மூலக் கடிதத்தை அப்படியே கோப்பாகச் சேமிக்க வேண்டும். அக்கா எங்களிடம் கொடுத்தது மூன்று அழகான பிரின்ட். மூலக் கடிதத்தை, பார்க்கவே பிடிக்கவில்லை என்று, அவரே நீக்கியிருந்தார்.

டிஸ்க்கைப் பிரதி எடுப்பதை முதன்முதலில் அந்த விசாரணையாளர் செய்தபோதுதான் பார்த்தேன். அக்காவின் பழைய டிஸ்க்கில் ஏதாவது ஒட்டியிருக்குமா என்று ஒரு முயற்சி. டிஸ்க்கைக் கழற்றினார். அதன் வரிசை எண்ணை உரக்கப் படிக்கச் சொல்லி நோட்டில் எழுதினார். நேரம் எழுதினார், என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். ரைட் பிளாக்கர் என்ற சின்னப் பெட்டியில் மாட்டினார். அந்தப் பெட்டி வழியாக டிஸ்க்கைப் படிக்கலாம், ஒரு எழுத்துகூட எழுத முடியாது. விண்டோஸ் கணினியை வெறுமனே ஆன் செய்தாலே நூற்றுக்கணக்கான கோப்புகளின் தேதி மாறும் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. நான்கு மணி நேரம் பிரதி ஓடியது. முடிந்ததும் மூலத்துக்கும் பிரதிக்கும் ஷா-256 ஹாஷ் போட்டார். 64 எழுத்துகள் கொண்ட ஒரு சரம். டிஸ்க்கில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்தச் சரம் முழுக்க வேறாகிவிடும். இரண்டையும் நான் படிக்க அவர் பார்க்க, அவர் படிக்க நான் பார்க்க, ஒப்பிட்டோம். பழைய ஹாஷ் முறையான எம்டி5 போதாதா என்று கேட்டேன். வேண்டுமென்றே இரண்டு வெவ்வேறு கோப்புகளை ஒரே எம்டி5 வரும்படி செய்ய முடியும் என்று 2004லேயே காட்டிவிட்டார்கள் என்றார். ஷா-1 என்ற இன்னொரு ஹாஷ் முறைக்கும் அதே கதி 2017இல் வந்தது. மூல டிஸ்க்கை உறையிலிட்டு ஒட்டி, ஒட்டின் மேலேயே கையெழுத்து. அதற்குப் பிறகு அது யார் கைக்குப் போனாலும் நோட்டில் ஒரு வரி. டிஸ்க்கில் உபயோகமாக எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் கிடைத்திருந்தால் அதை யாரும் ஆட்டிப் பார்த்திருக்க முடியாது.

சின்ன நிறுவனம், ஆள் பலம் இல்லை, அதனால்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2023இல் மைக்ரோசாஃப்ட்டின் கிளவுட் மெயிலுக்குள் ஒரு கும்பல் நுழைந்து அமெரிக்க அரசு அதிகாரிகளின் கடிதங்களைப் படித்தது. அதைக் கண்டுபிடித்தது அமெரிக்க வெளியுறவுத் துறை. எந்தக் கடிதம் எப்போது திறக்கப்பட்டது என்று காட்டும் விரிவான லாக் அவர்களிடம் இருந்தது, ஏனென்றால் அதிகக் கட்டணச் சந்தாவில் மட்டும் வந்த அந்த வசதியை அவர்கள் வாங்கியிருந்தார்கள். அந்த லாக் இல்லாத இடங்களில் அதே தடத்தைப் பார்க்க வழியே இல்லை. பின்னர் மைக்ரோசாஃப்ட் அந்த லாக்குகள் பலவற்றைக் கூடுதல் கட்டணம் இல்லாமல் தரத் தொடங்கியது, 90 நாள் என்றிருந்த சேமிப்புக் காலத்தை 180 நாளாக்கியது. இதில் எனக்குச் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்து வந்த இடம் வேறு. அந்தக் கும்பல் உள்ளே நுழையப் பயன்படுத்திய, மைக்ரோசாஃப்ட்டின் டிஜிட்டல் கையெழுத்துச் சாவி அவர்களிடமிருந்து எப்படித் திருடு போனது என்பதற்கு நேரடி ஆதாரம் காட்டும் லாக்குகள், சேமிப்புக் கால விதிகளின்படி நீக்கப்பட்டுவிட்டதால் தங்களிடம் இல்லை என்று அந்த நிறுவனமே எழுதியது. என் 20 எம்பி கதையேதான், அளவு மட்டும் பெரிது.

இன்று தடயத்தில் பாதி நம் கட்டடத்திலேயே இல்லை. மெயில் ஒருவரிடம், கோப்புகள் இன்னொருவரிடம், சம்பளக் கணக்கு மூன்றாமவரிடம். ஒப்பந்தம் போடும்போது விலையைப் பேசுகிறோம், லாக் எத்தனை நாள் இருக்கும், கேட்டால் எத்தனை நாளில் தருவீர்கள் என்று கேட்கிறோமா? 2001இல் புடாபெஸ்டில் கையெழுத்தான சைபர் குற்ற உடன்படிக்கை, தரவை அழிக்காமல் அப்படியே வை என்று 90 நாள் வரை உத்தரவிடும் வழியை அதில் சேர்ந்த நாடுகளுக்குக் கொடுத்திருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் உத்தரவு போகும் நாளில் இருப்பதைத்தான் நிறுத்தி வைக்க முடியும்.

இந்த முன் தயாரிப்புக்கு ஃபாரன்ஸிக் ரெடினஸ் என்று பெயர். 2001இல் ஜான் டான் என்பவர் இந்தத் தலைப்பில் எழுதினார். 2004இல் ராபர்ட் ரௌலிங்சன் அதைப் பத்துப் படிகளாக விரித்தார். இருவரும் சொல்வதன் சாரம், பயன்படும் தடயம் நிறையக் கிடைக்க வேண்டும், அதைத் திரட்டும் செலவு குறைய வேண்டும் என்பதுதான். பத்துப் படிகளையும் இங்கே எழுதி உங்களை அலுப்பூட்ட மாட்டேன். நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். லாக் சேர்வதற்கென்று ஒரு தனி சர்வர் வைத்தோம். மற்ற சர்வர்களில் எழுதப்படும் ஒவ்வொரு வரியும் அப்போதே அங்கே ஒரு பிரதி போய்விடும், ஒரு வருடம் இருக்கும். அதன் கடவுச்சொல் என்னிடம் கிடையாது, வேறொரு பிரிவில். இது எனக்கு முதலில் அவமானமாக இருந்தது. பிறகு புரிந்தது: என் கடவுச்சொல்லைத் திருடியவன் நான் தொடக்கூடிய எல்லாவற்றையும் தொடுவான். அப்புறம் என்டிபி. அப்புறம் பக்க எண் போட்ட, தைத்த ஒரு நோட்டு. சர்வர் அறைக் கதவில் ஒரு தாள், மேலே பெரிய எழுத்தில் "தொடாதே", கீழே நான்கு வரி, இரண்டு போன் எண்கள். அலமாரியில் காலி டிஸ்க்குகள்.

எல்லாம் தயார் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு சனிக்கிழமை ஒத்திகை வைத்தோம். ஒரு கணினியில் பயமுறுத்தும் செய்தி ஒன்றை நானே காட்ட வைத்துவிட்டு, யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தேன். பார்த்த முதல் ஆள் அதை ரீஸ்டார்ட் செய்தார். "ஹேங் ஆகிருச்சுன்னு நினைச்சேன்" என்றார். இரண்டாவது ஆள் தாளைப் பார்த்துப் போன் செய்தார். முதல் எண்ணுக்குரியவர் வேலையை விட்டுப் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. மூன்றாவதாக, பிரதி எடுக்க நான் பெருமையோடு எடுத்து வந்த டிஸ்க் ஒரு டிபி, சர்வரின் டிஸ்க் நான்கு டிபி. அன்று ஒத்திகை வைக்காவிட்டால் இதெல்லாம் உண்மையான சம்பவத்தன்றுதான் தெரிந்திருக்கும். அதிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை வைத்தோம். ஒவ்வொரு முறையும் புதிதாக ஏதாவது ஒன்று கெட்டுப்போயிருக்கும்.

விலகிப் போகிறவர்களின் மடிக்கணினிதான் நான் அதிகம் சண்டை போட்ட விஷயம். ஒருவர் வெள்ளிக்கிழமை விலகுவார், திங்கட்கிழமை புதியவர் சேருவார், அதே மடிக்கணினியை ஃபார்மேட் செய்து கொடு என்பார்கள். டிஸ்க்கை மட்டும் கழற்றி 60 நாள் வைத்துக்கொள்கிறேன், புது டிஸ்க் போடுகிறேன் என்று கேட்டு வாங்கினேன். டிஸ்க் விலையைக் காட்டி முகம் சுளித்தார்கள். இந்த ஏற்பாடு தொடங்கி எட்டு மாதம் கழித்து, வாடிக்கையாளர் பட்டியல் வெளியே போயிருக்கிறது என்ற புகார் வந்தது. விலகி 40 நாள் ஆன ஒருவர் மேல் சந்தேகம். டிஸ்க்கின் பிரதியைத் திறந்தார்கள். கணினியில் செருகிய ஒவ்வொரு யுஎஸ்பி டிரைவின் மாடலையும் வரிசை எண்ணையும் விண்டோஸ் தன் ரெஜிஸ்ட்ரியில் குறித்து வைக்கும். அந்த டிரைவிலிருந்து திறந்த கோப்புகளுக்குக் குறுக்குவழிக் கோப்புகள் தனியே உண்டாகும். கடைசி வேலை நாள் மாலை செருகிய டிரைவும், அதிலிருந்து திறந்த பட்டியலின் பெயரும் இருந்தன. அதைக் காட்டியதும் பேச்சு அரை மணி நேரத்தில் முடிந்தது. டிஸ்க் விலையைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

எல்லாவற்றையும் சேர்த்துக் குவித்து வையுங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஊழியர் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் பதிவு செய்யலாமே என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். கூடாது என்றேன். எது பதிவாகிறது, எத்தனை நாள் இருக்கும், யார் பார்க்கலாம் என்பதை எழுதி எல்லோரிடமும் முன்னாலேயே காட்டிக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். காலம் முடிந்ததும் நிஜமாகவே அழிக்கவும் வேண்டும். குவித்து வைத்ததைத் திருடவும் ஒருவன் வருவான். ரகசியமாக வேவு பார்த்துச் சேர்த்ததை நாளை வெளியே காட்டினால் முதல் கேள்வி நம்மைப் பார்த்துத்தான் வரும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நாளிதழ் அலுவலகம் என்றால் சர்வர்கள் இருக்கும், அவற்றைப் பார்த்துக்கொள்ள என் மாதிரி ஒருவர் இருப்பார். நாளைக் காலை அவரைக் கூப்பிட்டு, உங்கள் மெயிலின் உள்நுழைவு லாக்கைத் திறந்து அதில் இருக்கும் மிகப் பழைய வரியின் தேதியையும் நேரத்தையும் படித்துக் காட்டச் சொல்லுங்கள். திட்டாமல் கேளுங்கள், அவரை யாரும் இதுவரை கேட்டிருக்க மாட்டார்கள். அவர் சொல்லும் தேதியை இந்தக் கடிதத்தின் கீழே ஒரு வரியாக வெளியிட்டால் மகிழ்வேன். எங்கள் அலுவலகத்தில் அன்று அது முந்தைய நாள் மாலை 6.12.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சிஸ்டம் அட்மின் ஒருவன்